சிம்பாங் அம்பாட்ல மூணு ரெலோங் வாழை: மழை, வெயில், அப்புறம் அந்த டிசம்பர் 31

மாமா இலை அறுக்க எறங்கறது காலையில அஞ்சரைக்கு, தலையில டார்ச் லைட்ட கட்டிக்கிட்டு. முன்னாடியெல்லாம் ஏழு மணிக்கு பசியாறிட்டுதான் போவாரு, இப்ப அப்படி போனா ஒம்பது மணிக்குள்ள வெயில் ஏறி இலை தொவண்டுடும், தொவண்ட இலைய கட்டு கட்டினா கடைக்கு போய் சேர்றதுக்குள்ள ஓரம் கருத்துப் போயிடும். நான் இங்க எழுதறது அவரப் பத்தியும் அவரோட மூணு ரெலோங் நெலத்தப் பத்தியும்தான். ரெலோங் தெரியாதவங்களுக்கு, ஒரு ரெலோங் 0.71 ஏக்கர், மலேசியாவுல கெடா பினாங்கு பக்கத்து கணக்கு அது, ஆக மூணு ரெலோங்னா ரெண்டு ஏக்கருக்கு கொஞ்சம் மேல. இடம் பினாங்கு மாநிலத்துல, செபராங் பிறை தெற்குல சிம்பாங் அம்பாட் பக்கம், ஒரு பக்கம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, இன்னொரு பக்கம் பெரிய பாரிட், அதாவது வடிகால் வாய்க்கால், அந்த பாரிட் தண்ணி போய் சேர்றது கடல்ல.

நான் பட்டர்வொர்த்ல வேலை செய்யறேன், பத்து வருஷமா சனி ஞாயிறு அங்க போய் கணக்கு எழுதறது, கட்டு கட்டறது, வேன் ஓட்டறதுன்னு கூட நின்னுருக்கேன். பருவநிலை மாற்றத்தப் பத்தி பேசற எடத்துல எல்லாம் விவசாயிக்கு விழிப்புணர்வு வேணும், பயிற்சி வேணும்னு சொல்றாங்க. தப்புன்னு சொல்லல. ஆனா நான் கண்ணால பாத்தது வேற. என்ன மாறிப்போச்சுன்னு மாமாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, என்ன செய்யணும்னும் அவருக்குத் தெரியும், அதை செய்யறதுக்கு தேவையான உரிமைதான் அந்த நெலத்துல அவருக்கு இல்ல. இந்த ஒரு விஷயத்த புரிய வைக்கத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

நெலம் வந்த கதை

இந்தப் பக்கம் தமிழங்க வந்தது 1840கள்லயே, கரும்புத் தோட்டத்துக்கு. அப்புறம் கித்தா, அதாவது ரப்பர் வந்துச்சு, அப்புறம் செம்பனை. எங்க தாத்தா செம்பனைத் தோட்டத்துல வேலை பாத்தவரு, தோட்டத்த துண்டு போட்டு வித்தப்ப கையில கெடச்சது கொஞ்சம் பணம் மட்டும்தான். பாரிட் ஓரமா சும்மா கெடந்த அரசாங்க நெலத்துக்கு டிஓஎல் எடுத்தாரு, அதாவது தற்காலிகமா குடியிருக்க, பயிர் வைக்க குடுக்கற லைசென்ஸ். மொதல்ல மரவள்ளி, வெண்டிக்காய்னு போட்டுப் பாத்துட்டு கடைசியில வாழைக்கு வந்தாரு, அதுவும் பழத்துக்கு இல்ல, இலைக்கு.

இலை வியாபாரம் தனி ஒலகம். பழத்துக்கு வைக்கறவங்க குலைய பாப்பாங்க, இலைக்கு வைக்கறவங்க குருத்த பாப்பாங்க. நல்ல மண்ணு, தண்ணி இருந்தா ஒரு வாழை ஏழுலேருந்து பத்து நாளைக்கு ஒரு இலை விடும். குருத்து விரிஞ்ச ஒடனே, காத்து கிழிக்கறதுக்கு முன்னாடி, அறுத்துடணும். மொனை கெடாம முழுசா வந்தா அது நுனி இலை, கல்யாணத்துக்கும் படையலுக்கும் அதான் போகும், நல்ல வெல. நடுவுல வெட்டின துண்டு ஏடு, அது சாப்பாட்டுக் கடைக்கு, வெல பாதிக்கும் கொறச்சல். ஓரம் கிழிஞ்சா ஏடு கூட தேறாது, கொயித்தியாவ் நூடல்ஸ் மடிக்கறவங்க வாங்கினா உண்டு. அதனால எங்க தொழில்ல மழை பெய்யுதா வெயில் அடிக்குதாங்கறத விட காத்து எந்த நேரத்துல வருதுங்கறதுதான் முக்கியம். விடியக்காலையில சுமாத்ரா பக்கத்துலேருந்து ஒரு காத்து வரும் பாருங்க, தென்மேற்கு பருவத்துல, கடல் தாண்டி வரிசையா மழை மேகத்த தள்ளிக்கிட்டு, அது வந்துட்டுப் போன அன்னிக்கு தோட்டத்துல எறங்கினா ஒவ்வொரு இலையும் சீப்பு மாதிரி கிழிஞ்சு தொங்கும். ஒரு மணி நேரக் காத்து, ரெண்டு வாரத்து வருமானம்.

இந்தக் காத்து புதுசு இல்ல, தாத்தா காலத்துலயும் இருந்துச்சு. எந்த மாசம் எது வரும்னு தாத்தாவுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. புரட்டாசியில சைவம், ஐப்பசியில தீபாவளி, தையில பொங்கல், தைப்பூசம், அதுக்கேத்த மாதிரி கன்னு வச்சு இலைய தயார் பண்ணுவாரு. பினாங்குல மழை அதிகமா கொட்டறதும் செப்டம்பர்லேருந்து நவம்பர் வரைக்கும்தான், ஆக இலைக்கு கிராக்கி இருக்கற நேரமும் தண்ணி தேங்கற நேரமும் ஒண்ணா வரும். தாத்தா அந்த ரெண்டுக்கும் நடுவுல வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தாரு. அந்தக் கணக்குதான் மாமா கையில வந்தப்ப பொய்யாக ஆரம்பிச்சுது.

2016, வெயில்

2015 கடைசியில எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி நம்ம பக்கம் மழை கொறயறது, பலமா இருந்துச்சு, அதுக்கு முன்னாடி செப்டம்பர், அக்டோபர்ல பொகை மூட்டம் வேற. 2016 மார்ச் ஏப்ரல்ல வெயில் அடிச்ச அடியில பெர்லிஸ், கெடா பக்கம் பள்ளிக்கூடத்தையே மூடினாங்க, ஞாபகம் இருக்கும். நம்ம நாட்டுல பதிவான பெரிய வெயில் 1998 ஏப்ரல் 9, பெர்லிஸ் சூப்பிங்ல 40.1 டிகிரி, அதுவும் ஒரு எல் நினோ வருஷம்தான்.

வாழைக்கு சுமாரா 27 டிகிரி இருந்தா சந்தோஷம். 35க்கு மேல போனா மத்தியானத்துல இலையோட ரெண்டு பாதியும் நடு நரம்ப ஒட்டி கீழ மடிஞ்சுக்கும், தண்ணி ஆவியாகாம தன்னைத் தானே காப்பாத்திக்கறதுக்கு. குருத்து வர்றது மெதுவாயிடும். அந்த ரெண்டு மாசமும் நான் கணக்கு நோட்டுல எழுதினதப் பாத்தா வாரம் ஒண்ணு வர்ற மரத்துல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுதான் வந்துருக்கு, வந்ததும் சின்னதா, ஓரத்துல பழுப்பா. மாமா பாரிட்லேருந்து பம்ப் போட்டு தண்ணி எறச்சாரு, ரெண்டு நாள்ல இலை ஓரம் இன்னும் கருகுச்சு. ஏன்னு புரியல. அப்புறம் அவரே ஒரு கை தண்ணிய நாக்குல வச்சுப் பாத்துட்டு துப்பினாரு, கரிச்சுது. மேலேருந்து தண்ணி வரத்து கொறஞ்சதும் கடல் தண்ணி பாரிட்டுக்குள்ள ஏறி வந்திருக்கு, வாழைக்கு உப்பு ஆகவே ஆகாது.

அன்னிக்கே மாமா சொன்னாரு, "பாப்பா, இங்க ஒரு கொளம் வெட்டணும், மழையில ரொப்பி வச்சா வெயிலுக்கு ஆகும்." இதுக்கு படிப்பு வேணாம், பட்டறிவு போதும். ஆனா கொளம் வெட்டலாமான்னு கேட்டதுக்கு கெடச்ச பதில், லைசென்ஸ் நெலத்துல மண்ணத் தோண்டி வெளிய எடுக்க தனி அனுமதி வேணும், அதுவுமில்லாம லைசென்ஸ் இன்னும் உங்க பேர்ல இல்லையே. அந்த ரெண்டாவது பாதிய அப்ப நாங்க பெருசா எடுத்துக்கல.

2017 நவம்பர் 4

அன்னிக்கு சனிக்கெழமை, ஐப்பசி பௌர்ணமி. அன்னாபிஷேகத்துக்காக கோவிலுக்கு இலை குடுத்துட்டு அத்தையும் மாமாவும் வீட்டுக்கு வந்தாங்க. மத்தியானத்துலேருந்து மழை. வியட்னாம்ல டம்ரே புயல் கரை ஏறின அதே நாள். ராத்திரியானதும் காத்தும் சேந்துக்கிச்சு. விடியறதுக்குள்ள 300 மில்லிமீட்டருக்கு மேல கொட்டிடுச்சு, பினாங்குல ஒரு மாசத்துக்கு பெய்யற மழை. மாநிலத்தோட அஞ்சு மாவட்டமும் தண்ணியில, ஏழு பேரு செத்துப் போனாங்க. பாலிக் பூலாவ்ல பெரிய பெரிய மரமெல்லாம் வேரோட சாஞ்சுது.

நான் பௌர்ணமின்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் ஏத்தம் ரொம்ப அதிகமா இருக்கும், மலாய்க்காரங்க ஆயர் பாசாங் பெசார்ம்பாங்க. கடல் ஒசந்து நிக்கறப்ப பாரிட் கடைசியில இருக்கற மதகு மூடித்தான் இருக்கணும், தொறந்தா கடல் உள்ள வரும். மூடினா மழைத் தண்ணிக்கு போக எடமில்ல. அன்னிக்கு ரெண்டும் ஒண்ணா சேந்துச்சு. மறுநாள் சாயங்காலம் மாமாவும் நானும் மோட்டோவ மெயின் ரோட்டுல விட்டுட்டு நடந்து போனோம், இடுப்பளவு தண்ணி, வாழை மட்டும் மேல தெரியுது, பாக்க பச்சையாத்தான் இருந்துச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சு, மரம் நிக்குதேன்னு. மாமா ஒண்ணும் பேசல. ஒரு மரத்துக்கிட்ட போய் தண்ணிக்குள்ள கைய விட்டு அடித்தண்ட அமுக்கிப் பாத்தாரு.

வாழை வேருக்கு மூச்சு விட காத்து வேணும், மண்ணுக்குள்ள தண்ணி தேங்கி நின்னா ரெண்டு மூணு நாள்ல வேர் செத்துடும். மேல ஒண்ணும் தெரியாது. எங்க நெலத்துல தண்ணி வடிய அஞ்சு நாளாச்சு. ஆறாவது நாள் அடி இலை மஞ்சளா மாற ஆரம்பிச்சுது, அப்புறம் ஒவ்வொண்ணா மேல ஏறிச்சு, ரெண்டாவது வாரம் தண்டத் தொட்டா விரல் உள்ள போகுது, அழுகின வாடை. மூணு ரெலோங்குல மொத்தமா தப்பிச்சது மேட்டுல இருந்த நாப்பத்தி சொச்சம் மரம். வெள்ளத் தண்ணியோட வந்த இன்னொண்ணு ஃபுசாரியம் வாடல் நோய், அந்த பூஞ்சை மண்ணுலயும் தண்ணியிலயும் சப்பாத்து அடியிலயும் ஒட்டிக்கிட்டு வரும், ஒரு தடவ மண்ணுக்குள்ள போயிட்டா வருஷக் கணக்குல அங்கயே கெடக்கும். நோய் வந்த மூலையில இன்னிக்கு வரைக்கும் அவரு வாழை வைக்கறதில்ல.

புது கன்னு வச்சு மொத இலை அறுக்க அஞ்சாறு மாசமாகும். ஆக கார்த்திகை கல்யாணம் போச்சு, பொங்கல் போச்சு, 2018 ஜனவரி 31 தைப்பூசமும் போச்சு. வழக்கமா எடுக்கற கடைக்காரங்களுக்கு வேற எங்கேருந்தாவது இலை வேணுமே, அவங்க பாஹாங் பக்கத்துலேருந்து எடுக்க ஆரம்பிச்சாங்க, அதுல ரெண்டு பேரு திரும்பி வரவே இல்ல. வெள்ளம்னா அன்னிக்கு போன மரத்த மட்டும்தான் எண்ணறாங்க, திரும்பி வராத வாடிக்கையாளர யாரும் எண்ணறதில்ல.

நஷ்ட ஈடு கேட்டுப் போன கதைய சுருக்கமா சொல்றேன், ஏன்னா எழுத எழுத வயிறு எரியுது. எந்த அலுவலகம்னு சொல்ல வேணாம். ஃபார்ம்ல பயிர் வகைன்னு ஒரு கட்டம், அதுல வாழைன்னா எத்தன குலைன்னு கேட்டுருக்கு. எங்ககிட்ட குலை இல்ல, இலைதான். அப்புறம் நெல உரிமை பத்திரம். தாத்தா தவறினது 2015. தேசிய நெலச் சட்டம் 1965ன் படி டிஓஎல் யார் பேர்ல இருக்கோ அவரு செத்துட்டா அதோட அதுவும் முடிஞ்சுது, பிள்ளைக்குப் போகாது, யாருக்கும் மாத்திக் குடுக்க முடியாது. மாமா புதுசா மனு போட்டு ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருந்தாரு. ஆக வெள்ளம் வந்த அன்னிக்கு, முப்பது வருஷமா அவங்க குடும்பம் பயிர் வச்ச நெலத்துல, காகிதப்படி அவரு யாருமே இல்ல.

எல்லாத்தையும் வானத்து மேல போட முடியுமா

ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடணும். அந்த ஒரு வெள்ளத்த மட்டும் காட்டி இது பருவநிலை மாற்றத்தாலதான்னு அடிச்சு சொல்ல நான் ஆளில்ல. மலைய வெட்டறாங்க, தோட்டத்த வீடாக்கறாங்க, மண்ணு மேல சிமெண்ட் போட்டா தண்ணி உள்ள எறங்காது. ரெண்டாவது பினாங்கு பாலம் 2014 மார்ச்ல தொறந்ததுக்கு அப்புறம் பாலம் வந்து எறங்கற பத்து கவான்ங்கற ஊரு சுத்துவட்டாரத்துல செம்பனை இருந்த எடமெல்லாம் ஃபேக்டரி, கடை, கொண்டோ. முன்னாடி அந்த மண்ணு குடிச்ச தண்ணி இப்ப பாரிட்டுக்குத்தான் வரணும். பாரிட்ல பிளாஸ்டிக்கும் மண்ணும் அடைச்சுக்கிட்டு இருந்தத நானே பாத்திருக்கேன்.

ஆனா அடிப்படை மாறிப்போச்சுங்கறதுல சந்தேகம் இல்ல. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் ஏழு சதவீதம் கூடுதலா ஈரத்த பிடிச்சு வைக்கும், அதனால கொட்டறப்ப மொத்தமா கொட்டும். மலேசியாவுல ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் 0.13லேருந்து 0.24 டிகிரி வரைக்கும் சூடு ஏறிக்கிட்டு வந்திருக்குன்னு அரசாங்க அறிக்கையே சொல்லுது. கேக்க கொஞ்சமாத்தான் தெரியும். ராத்திரி புழுக்கம் கூட பயிர பாதிக்கும்ங்கறது நெல்லு விஷயத்துல தெளிவா தெரிஞ்சிருக்கு, பிலிப்பைன்ஸ்ல இருக்கற அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்துல 1979லேருந்து 2003 வரைக்கும் எடுத்த கணக்கு, கோடைப் பருவத்துல ராத்திரி வெப்பம் ஒரு டிகிரி ஏறினா வெளச்சல் பத்து சதவீதம் கொறயுதுன்னு 2004ல வெளியிட்டாங்க. அத நான் மாமாகிட்ட சொன்னப்ப அவரு ஆச்சரியப்படல. "ராத்திரி போர்வை போத்திக்கிட்டு தூங்கின ஊரும்மா இது"ன்னாரு, அவ்ளோதான்.

நெல்லுன்னதும் இன்னொண்ணு. செபராங் பிறை வடக்குல நெல்லு போடறவங்களுக்கும் இதே மழை, இதே வெயில், ஆனா அவங்களுக்கு வாய்க்கால், மதகு, மானியம், அதுக்குன்னே ஒரு நிர்வாகம், பயிர் போனா டாக்காஃபுல் காப்புறுதித் திட்டம்னு ஏதோ ஒரு கை இருக்கு. பத்தலன்னு அவங்களும் சொல்றாங்க, நியாயம்தான், ஆனா இருக்கு. வாழை இலை, கருவேப்பிலை, வெத்திலை, மல்லிப்பூன்னு நம்ம ஆளுங்க சின்ன சின்ன துண்டு நெலத்துல போடற பயிருக்கு அந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல.

மாமா என்னென்ன செஞ்சாரு

2018லேருந்து அவரு செஞ்சதெல்லாம் சொன்னா அசந்து போவீங்க. மொதல்ல பாத்திய ஒசத்தினாரு, மண்வெட்டியால, பாரிட்ல தூர் வாரினப்ப ஓரமா கொட்டின சேத்த தள்ளுவண்டியில கொண்டு வந்து முழங்கால் ஒசரத்துக்கு மேடு போட்டு அதுக்கு மேல கன்னு. ஒரு வரிசைக்கு ஒரு வாரமாச்சு. அடுத்து வகைய மாத்தினாரு, இலை மெலிசா இருக்கறத விட்டுட்டு பீசாங் அபு, அது இலை தடிப்பா இருக்கும், லேசுல கிழியாது. அப்புறம் எல்லா மூட்டையும் ஒரே வண்டியில ஏத்தக் கூடாதுன்னு மாச்சாங் பூபோக் பக்கம் மேட்டு நெலம் வச்சிருக்கற பழைய கூட்டாளிகிட்ட எடம் கேட்டு நூறு கன்னு அங்க வச்சாரு, வாடகைக்கு பதிலா வாராவாரம் கூட்டாளி வீட்டுக்கு இலையும் வாழத்தண்டும்.

அதுக்கு மேல என்ன படிச்சாரு தெரியுமா, கடல் ஏத்த அட்டவணை. அறுவது வயசுல. போன்ல வானிலை இலாகாவோட மைச்சுவாச்சா ஆப்ப போட்டுக் குடுத்தேன், ஆத்து மட்டம் பாக்க பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் பக்கத்தையும் காட்டிக் குடுத்தேன், ஆனா ரெண்டையும் கடல் ஏத்தத்தோட சேத்துப் பாக்கணும்ங்கறது அவரே கண்டுபிடிச்சது. அமாவாசை பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி பெரிய மழை வரும்னு ஆப் சொன்னா அறுக்கற பக்குவத்துல இருக்கற அத்தன இலையையும் அன்னிக்கே அறுத்து, வாட்சப்புல கடைக்காரங்களுக்கு கொறஞ்ச வெலைக்கு குடுத்துடுவாரு. போறத விட பாதி வந்தா போதும்ங்கற கணக்கு. இந்த ஒரு பழக்கத்தால மட்டும் ரெண்டு தடவ தப்பிச்சிருக்கோம்.

பம்ப் வாங்கினது பத்தி தனியா சொல்லணும். தண்ணிய வெளிய எறைக்க பெரிய டீசல் பம்ப் ஒண்ணு வேணும்னு முடிவு பண்ணினாங்க. லோன் கேட்டா பத்திரம் கேக்கறாங்க, பத்திரம்தான் இல்லையே. அத்தை கழுத்துல இருந்த செயின கழட்டி ஒரு பழைய மைலோ டின்ல போட்டு எங்கிட்ட குடுத்தாங்க, "மாமாகிட்ட சொல்லாத, நீ போய் பஜாக் கடையில அடகு வச்சிட்டு வா"ன்னு. நான்தான் வச்சேன். அந்தச் செயின மூணு தடவ மீட்டு மூணு தடவ திரும்ப வச்சாச்சு, ஒவ்வொரு தடவையும் அது ஒரு மழைக்கோ ஒரு வெயிலுக்கோதான். பருவநிலைக்கு நிதி ஒதுக்கறத பத்தி நியூஸ்ல வர்றப்பெல்லாம் எனக்கு அந்த மைலோ டின்தான் கண்ணுக்கு முன்னாடி வரும்.

இவ்ளோ செஞ்சும் செய்ய முடியாதது மூணு. கொளம் வெட்ட முடியல. காத்துக்கு வேலியா மேக்கால நிரந்தரமா மரம் வைக்க முடியல, லைசென்ஸ்ல குறுகிய காலப் பயிர் மட்டும்னு போட்டுருக்கு. பம்புக்கு கரண்ட் இழுக்க முடியல, பம்ப் ஷெட் கட்டவும் முடியல, நிரந்தரக் கட்டடம் கூடாது. நல்லா பாருங்க, வெயிலுக்கு ஒண்ணு, காத்துக்கு ஒண்ணு, வெள்ளத்துக்கு ஒண்ணு.

வேலிக்கு அந்தப் பக்கம்

மாமா நெலத்துக்கு ரெண்டு துண்டு தள்ளி ஒரு சீன அங்கிள், அவரும் வாழை, கூட கொய்யா. அதே பாரிட், அதே மழை. 2017ல அவருக்கும் மொத்தமும் போச்சு, அன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே சாக்குல ஒக்காந்து கோப்பி குடிச்சாங்க. ஆனா அவருகிட்ட கிராண்ட் இருக்கு, சொந்த நெலம். அடுத்த வருஷமே பேங்க்ல கடன் வாங்கி லாரி லாரியா செம்மண் கொட்டி நெலத்த ரெண்டு அடி ஒசத்தினாரு, அந்த மண்ணு பத்தாம ஒரு மூலையில தோண்டினது கொளமாச்சு, மேக்கால ரெண்டு வரிசை மரம், கரண்டு பம்ப். நல்ல மனுஷன், எங்க மாமாவுக்கு ஐடியா குடுத்ததும் அவருதான், சில ஐடியா மாமா அவருக்கு குடுத்தது. ரெண்டு பேருக்கும் அறிவு ஒண்ணுதான், ஒழைப்பும் ஒண்ணுதான்.

2024 ஆரம்பத்துல திரும்ப எல் நினோ. வானிலை இலாகா வெயில நிலை நிலையா பிரிச்சு சொல்லும், தொடர்ந்து மூணு நாள் 35லேருந்து 37 டிகிரி இருந்தா மொத நிலை, அத தாண்டினா ரெண்டாவது, வடக்குல அந்த அறிவிப்பு அடிக்கடி வந்துச்சு. தைப்பூசம் அந்த வருஷம் ஜனவரி 25, அது வரைக்கும் ஓரளவு தாக்குப் பிடிச்சோம். பிப்ரவரி மார்ச்ல அங்கிள் கொளத்துலேருந்து சொட்டு நீர் விட்டு இலைய காப்பாத்திட்டாரு. மாமா பாரிட் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்துட்டு பம்ப நிறுத்தினாரு, 2016 மாதிரியே கரிச்சுது. எட்டு வருஷம் முன்னாடி அவரு வெட்டணும்னு சொன்ன கொளம் அங்கிள் நெலத்துல இருக்கு, அங்கிள் பெரிய மனசு பண்ணி ராத்திரி ராத்திரி ஹோஸ் போட்டு தண்ணி குடுத்தாரு, அதுலதான் முக்கால்வாசி மரம் பொழச்சுது.

மாமா பேர்ல லைசென்ஸ் கடைசியில வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அது ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31ஓட முடியுது, சட்டமே அப்படித்தான், எந்த மாசம் எடுத்தாலும் அந்த வருஷக் கடைசி வரைக்கும்தான். புதுப்பிச்சு தருவாங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கலாம், உறுதி கெடயாது. ரெண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி மண்ணுக்குள்ள போட்டுட்டு ஜனவரியில எடத்த காலி பண்ணுன்னு வந்தா என்ன பண்றது? அதுக்குப் பயந்துதான் அவரு பெருசா எதுலயும் கை வைக்கறதில்ல. பயிற்சி குடுக்க வந்த ஒரு தம்பி, நல்ல பையன், ஆர்வமா சொட்டு நீர்ப் பாசனம் பத்தி விளக்கினான். மாமா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "இத கழட்டி எடுத்துக்கிட்டு போற மாதிரி போட முடியுமா தம்பி?"

எனக்கு தோணறத சொல்லிடறேன். வருஷா வருஷம் புதுப்பிக்கற லைசென்ஸுக்கு பதிலா பத்து வருஷமோ பதினஞ்சு வருஷமோ குத்தகையா குடுத்தா, பேரு மாறாம பிள்ளைக்குப் போற மாதிரி குடுத்தா, பாதி வேலைய அவங்களே செஞ்சுக்குவாங்க, யாரும் பயிற்சி குடுக்க வேணாம், கடனும் தானா கெடைக்கும். இலையையும் ஒரு பயிர்னு ஃபார்ம்ல ஒரு கட்டம் போடறதுக்கு எவ்ளோ செலவாகும்? நம்ம சங்கங்க, நம்ம தலைவருங்க தைப்பூசத்துக்கு இலை போட்டு அன்னதானம் குடுக்கறாங்க, அந்த இலைய வெளைவிச்சவன் எந்த நெலத்துல நிக்கறான்னு ஒரு தடவ கேட்டா போதும். தைக்கு முன்னாடியே கேளுங்க, ஏன்னா லைசென்ஸ் முடியறது மார்கழியில.

காத்து வேலிக்கு மாமா ஒரு வழி பண்ணி வச்சிருக்காரு. மேக்கால வரிசையா பழைய நீல ட்ரம்ம பாதியா அறுத்து அதுல கருவேப்பிலை, முருங்கை, பெரிய பாலிபேக்ல பதினோரு தென்னம்பிள்ளை. மண்ணுல நடல, பலகை மேல வச்சிருக்காரு, எப்ப வேணாலும் லாரியில ஏத்தலாம். தென்னம்பிள்ளைங்க இப்ப என் ஒசரத்த தாண்டிடுச்சு, பை கிழியற நெலமை. போன மாசம் நான் போனப்ப அவரு ஒவ்வொரு பையையும் ரெண்டு கையால கட்டிப் புடிச்சு அரைச் சுத்து திருப்பிக்கிட்டு இருந்தாரு, பட்டு பட்டுன்னு சத்தம் கேட்டுச்சு. என்ன மாமா அதுன்னேன். வேர் பைய பொத்துக்கிட்டு பலகை சந்து வழியா மண்ணுக்குள்ள எறங்குது, மாசத்துக்கு ஒரு தடவ அறுத்து விடணும்னு சொல்லிட்டு அடுத்த பைக்குப் போனாரு.